கையால் செய்யும் பிறந்தநாள் அட்டை: கடையில் கிடைக்கும்போது எதற்கு?

கேள்வி. 2024 செப்டம்பர் 22, ஞாயிறு

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் 18 அன்று என் மாமியாருக்கு எழுபது முடிகிறது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆயாவுக்குத் தானே அட்டை செய்து தருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நேரு வீதியில் ஒரு நடை போனால் விதவிதமாகக் கிடைக்கிறது. அது இருக்க, சார்ட் பேப்பரில் பசையை அப்பிக்கொண்டு எதற்கு இந்தப் பாடு? வாழ்த்தெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடுகிறது. கையால் செய்த அட்டைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா, இல்லை பிள்ளை மனம் நோகக்கூடாது என்று பெரியவர்கள் மெச்சுகிறார்களா? செய்யத்தான் வேண்டும் என்றால் என்ன தாள், என்ன பசை, எப்போது தொடங்க வேண்டும்?

பதில். செப்டம்பர் 22, இரவு

மதிப்பு உண்டு. ஆனால் அது பூவிலும் பளபளப்பிலும் இல்லை, உள்ளே இருக்கும் நாலு வரியில் இருக்கிறது. அதனால் என் யோசனை ஒன்றுதான்: முதலில் எழுத வையுங்கள். தாள் வாங்குவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அப்புறம்.

எங்கள் அப்பா வாழ்த்து அட்டை எதையும் தூக்கிப்போட மாட்டார். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். முக்கால்வாசி பொங்கல் வாழ்த்து. தை பிறப்பதற்கு முன்னால் திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி: நடிகர் படம், கரும்பும் பானையும், மாடு, முருகன். அப்பா போன பிறகு டின்னைத் திறந்தபோது எங்களில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தோம். 'அன்புடன்' என்று மட்டும் போட்டுக் கையெழுத்திட்டவை ஒரு பக்கம் ஒதுங்கின. சித்தப்பா ஒரு அட்டையில், "அண்ணா, இந்த வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல், ஒரு மூட்டை அனுப்புகிறேன், அண்ணியிடம் சொல்லவும்" என்று எழுதியிருந்தார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். முன்பக்கம் என்ன படம் என்று கேட்டால் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் வாழ்த்தை நான் குறை சொல்லவில்லை, நானும் அனுப்புகிறேன். ஆனால் பத்து வருஷம் கழித்து அதை யாரும் டின்னில் தேட முடியாது.

செப்டம்பர் 23

"ஏழு வயதுப் பிள்ளை என்ன எழுதும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 'நூறாண்டு வாழ்க' என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால் அதைத்தான் எழுதும். சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆயாவிடம் போய் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் வயசில் நீ என்ன விளையாடினாய், யார் உன்னை அடித்தார்கள், என்ன சாப்பிட ஆசைப்பட்டாய். பதிலில் எது பிள்ளைக்குப் பிடித்ததோ அதை எழுதட்டும். ஒரு வரி போதும்.

செப்டம்பர் 24

உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே இருக்கிறது. மாமியாரைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி ஜூன் மாதம், ஆனால் மாமியாரின் அம்மா சொன்னது 'கீழூரில் ஓட்டு போட்ட அன்றைக்குப் பிறந்தவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அக்டோபர் 18 என்பதில் சந்தேகமே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று உங்கள் வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூரில்தான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். புதுச்சேரி இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆக, ஆயாவுக்கு ஏறக்குறைய எட்டு வயது ஆகும்வரை காகிதத்தில் இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான்.

எந்தக் கடையில் இப்படி ஓர் அட்டை கிடைக்கும்? பிள்ளையைக் கீழூர் நினைவிடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பக்கம்தானே. திரும்பி வந்து அவளே எழுதட்டும். அட்டையின் முகப்பில் என்ன வரைவது என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும்.

செப்டம்பர் 24, சற்று நேரம் கழித்து

எழுத்துப்பிழை பற்றி: பென்சிலில் எழுதும் முதல் நகலில் சுட்டிக்காட்டுங்கள். கடைசி நகலில் வந்துவிட்ட பிழையைத் தொடாதீர்கள். வெள்ளை மை பூசித் திருத்திய அட்டையைப் பார்த்தால் யாரோ பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அதட்டியது மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 25

பெரியவர்களுக்கு நட்சத்திரப் பிறந்தநாள்தானே கொண்டாட வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டு வழக்கம் எதுவோ அதுவே சரி. கோயில் அர்ச்சனை நட்சத்திரத்தில் நடக்கட்டும். ஆனால் இந்த அட்டை ஓட்டு போட்ட தேதியைப் பற்றியது, அதை 18-ஆம் தேதி கொடுப்பதுதான் பொருத்தம்.

செப்டம்பர் 27

தாள். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்வது என்பதால் இன்னும் கூடுதலாக.

சார்ட் பேப்பர் வேண்டாம். சுருட்டியே விற்பதால் எவ்வளவு அழுத்தினாலும் வளைவு போகாது, மடிப்பில் வண்ணம் உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். உங்கள் ஊரிலேயே சர்தார் வல்லபபாய் படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் இருக்கிறது. 1959-இல் தொடங்கியது. ஹேண்ட்மேட் பேப்பர் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். மரக்கூழ் இல்லை, பருத்தித் துணிக் கழிவு. பனியன் துணி வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஊறவைத்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீர்த் தொட்டியில் கலந்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சட்டத்தின் மேல் ஈரமாக ஒரு படலம் நிற்கும். அதைத் துணியில் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்திப் பிழிந்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் தாள். ஓரம் நேராக இருக்காது, நார் நாராகப் பிசிறிக்கொண்டு இருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், அட்டையின் திறக்கும் பக்கத்துக்கு அதைவிட நல்ல அலங்காரம் கிடையாது.

தாளைப் பாதியாக்கும்போதும் கத்தரி வேண்டாம். மடித்துத் திறந்து, மடிப்புக் கோட்டில் நனைந்த தூரிகையை ஒரு முறை ஓட்டுங்கள். தண்ணீர் உள்ளே இறங்க ஒரு நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் அதே மாதிரி பிசிறு ஓரத்தோடு பிரியும். பருத்தி நார் நீளமானது என்பதால் இந்தத் தாளில் இது அழகாக வரும். சாதாரண வெள்ளைத் தாளில் செய்தால் கிழிந்த தாள் மாதிரிதான் இருக்கும்.

ஆனால் ஒன்று. அழகான தாளெல்லாம் எழுத ஏற்றதல்ல. துணிக்குக் கஞ்சி போடுவது மாதிரி தாளுக்கும் ஒரு பூச்சு உண்டு, சைஸிங் என்பார்கள். அது குறைந்த தாளில் மை பட்டவுடன் எல்லாப் பக்கமும் கால் முளைத்து ஓடும். வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு கேட்டு, மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் அதில் எழுத முடியாது. முத்தாக நின்றால் எழுதலாம். பூவிதழ் பதித்தது, பட்டு நூல் ஓடியது, மார்பிள் போட்டது எல்லாம் முகப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதுவதற்கு வழுவழுப்பான வெள்ளைத் தாள் ஒன்று தனியாக.

செப்டம்பர் 27, இரவு

தனியாக என்று சொன்னதை விளக்கவில்லை. அட்டையைவிட எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் சிறிதாக ஒரு தாளை மடித்து, முதுகுக் கோட்டில் மட்டும் மெல்லிய பசைக் கோடு இழுத்து உள்ளே செருகிவிடுங்கள். எழுத்து கெட்டால் அந்த ஒரு தாளை மாற்றினால் போதும், அட்டை தப்பிக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெரிய தைரியம் கொடுக்கும். என் அண்ணன் மகன் இந்த வசதி தெரிந்ததும் பென்சிலே வேண்டாம் என்றான்.

செப்டம்பர் 29

அளவு. ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். அதைப் பாதியாக்கினால் ஏ5, அதை மடித்தால் ஏ6 அளவு அட்டை, 105-க்கு 148. இதற்கென்றே சி6 என்று உறை கிடைக்கிறது, 114-க்கு 162. உறையை முதலில் வாங்கி அதற்கேற்ப அட்டை செய்யுங்கள். அட்டையைச் செய்து முடித்துவிட்டு உறை தேடி மிஷன் வீதி முழுக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மடிப்பு: இயந்திரத்தில் ஓடிய தாளில் நார்கள் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் கோடு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் முதுகு உடையும். எந்தத் திசை என்று பார்க்க, தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எதிர்ப்பு எந்தப் பக்கம் குறைவோ, அதுதான் மடிக்க வேண்டிய பக்கம். கைக்காகிதத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, நார் எல்லாத் திசையிலும் விழுந்திருக்கும்.

கனமான தாளை அப்படியே மடிக்காதீர்கள். மை தீர்ந்த ரீஃபில் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து மடிப்புக் கோட்டில் அழுத்தி இழுங்கள். ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வருமாறு மடிக்க வேண்டும். பலர் உள்பக்கமாக மடிப்பார்கள், அதனால்தான் முதுகு சுருங்கிப்போகிறது.

செப்டம்பர் 30

முகப்பில் எழுதும்போது பிள்ளைகள் 'பிறந்தநாள்' என்பதைப் பெரிதாகத் தொடங்கி, கடைசி இரண்டு எழுத்தை ஓரத்தில் நெருக்கிவிடுவார்கள். பென்சிலில் கட்டம் போடுங்கள். பிறந்தநாள் ஆறு எழுத்து, வாழ்த்துகள் ஆறு எழுத்து. இரண்டு வரியாகப் போட்டால் மேலும் கீழும் ஒத்து நிற்கும். கால் வாங்கும் நா-வுக்கும் வா-வுக்கும் ஒன்றரைக் கட்டம் விடுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு போனால் ஓரம் சமமாக வரும்.

அக்டோபர் 1

பேனா பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: பால்பாயிண்ட் பேனா போதும். ஜெல் பேனா வழுவழுப்பான தாளில் மெதுவாகக் காயும், பிள்ளையின் கை பட்டுத் தேய்ந்துவிடும். ஸ்கெட்ச் பேனா படத்துக்கு மட்டும்.

அக்டோபர் 2

பூ.

இன்று விடுமுறை, வீட்டு வாசலில் காகிதப்பூ கொத்தாக இருந்தது, அதைப் பறித்துக்கொண்டே இந்தக் குறிப்பை யோசித்தேன். அட்டைக்கு நம் ஊரில் அதைவிடப் பொருத்தமான பூ இல்லை. நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ண இதழ்கள் உண்மையில் பூவிலைகள், அதாவது பூவைச் சுற்றி நிற்கும் வண்ண இலைகள். அசல் பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான். பூவிலையில் தண்ணீர் குறைவு, அதனால் சீக்கிரம் காய்கிறது, நிறமும் நன்றாக நிற்கிறது. செம்பருத்தியைப் புத்தகத்தில் வைத்துப் பாருங்கள், கறுத்து ஒட்டிக்கொள்ளும். மல்லிகை பழுப்பாகும். சாமந்தி தடிமன், காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். இலைகளில் புளிய இலை மிக நன்றாக வருகிறது. ஒரு கிளைநுனியை அப்படியே அழுத்தினால் வரைந்தது மாதிரி நிற்கும். வேப்பங்கொழுந்தும் நல்லது.

புகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்தபோது கூடவே போன தாவரவியலாளர் கொமர்சோன் பிரேசிலில் இந்தச் செடியைக் கண்டு, தலைவரின் பெயரை வைத்தார், போகன்வில்லா என்று. ஆசிரமத்து அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஒவ்வொரு பொருள் சொல்லியிருக்கிறார். காகிதப்பூவுக்கு அவர் சொன்னது பாதுகாப்பு. ஆசிரமத்தாருக்குப் பிறந்தநாள் அட்டையில் 'போன் ஃபெத்' (பிரெஞ்சில் பிறந்தநாள் வாழ்த்து) என்று தம் கையால் எழுதிக் கொடுப்பதும் அவர் வழக்கமாக இருந்தது. கையெழுத்துள்ள பிறந்தநாள் அட்டை உங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அழுத்தும் முறை: காலையில் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். நடுவிலிருக்கும் குழலைக் கிள்ளிவிட்டு, இதழ்களைத் தனித்தனியாக இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, தடித்த புத்தகத்துக்குள் மூடி, மேலே கனம் வையுங்கள். மறுநாள் தாளை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தயார். பழைய டெலிபோன் டைரக்டரி இருந்தால் அதுவே போதும், அதன் தாள் ஈரத்தை நன்றாக இழுக்கும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய அகராதி ஏதாவது பாருங்கள்.

ஐப்பசி நெருங்குகிறது, அதனால் இப்போதே தொடங்கிவிடுங்கள். அடைமழை பிடித்த பிறகு வைக்கும் பூ காயவே காயாது.

அக்டோபர் 4

ஒரு சகோதரி, மழையில் அவசரமாக வேண்டுமென்றால் என்ன செய்வது என்கிறார். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், இரண்டு தாளுக்கு நடுவில் பூவை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். ஆற விட்டு மறுபடி. காகிதப்பூ இதைத் தாங்கும். ஆனால் புத்தகத்தில் காய்ந்ததன் நிறம் இதற்கு வராது, கொஞ்சம் வெளுக்கும்.

அக்டோபர் 6

பசை. ஃபெவிகாலைப் பிள்ளைகள் தாள் முழுக்கக் கொட்டிப் பரப்புவார்கள். அதில் தண்ணீர் இருக்கிறது, தாள் உறிஞ்சி வீங்கி, காயும்போது சுருங்கி, அட்டை படகு மாதிரி வளைந்துவிடும். தாளோடு தாள் ஒட்ட குச்சிப் பசை போதும். பூவுக்கு மட்டும் ஃபெவிகால்: ஒரு சொட்டைத் தட்டில் வைத்து, பல்குச்சி நுனியால் இதழின் நடு நரம்பில் மட்டும் தொட்டு, வைத்து, மேலே ஒரு தாளும் புத்தகமும். மறுநாள்வரை தொடாதீர்கள்.

மைதாப் பசை காய்ச்சலாமே என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா சொல்வது உண்மை, ஒட்டும், பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஆனால் கடலோர ஊரில் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அட்டை நாள்பட இருக்க வேண்டும் என்று நினைத்தால் மாவுப் பசை வேண்டாம். சுவரொட்டிக்காரர்கள் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான், அதைப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது.

அக்டோபர் 6, தொடர்ச்சி

சம்கி, ஜிகினா பற்றிக் கேட்டார்கள். என் வீட்டில் தடை. உதிர்ந்தால் பாயிலும் சோற்றிலும் கண்ணிலும் வரும், அந்தத் தூள் பிளாஸ்டிக், எங்கே போனாலும் மக்காது. பளபளப்பு வேண்டுமென்றால் சாக்லேட் உறையின் பொன்தாளை நகத்தால் தேய்த்து நேராக்கி ஒட்டுங்கள்.

அக்டோபர் 9

திறந்தால் எழுந்து நிற்கும் அட்டை செய்ய முடியுமா என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முடியும், எளிது.

மடித்த தாளில், மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு. நடுவில் இருக்கும் பட்டையை முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, அட்டையைத் திறந்து பட்டையை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு சின்ன மேடை எழும். அதன் முகத்தில் படத்தை ஒட்டலாம். வெட்டிய ஓட்டை பின்னால் தெரியாமல் இருக்க வெளியே இன்னொரு அட்டை ஒட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வெட்டின் நீளம். அட்டையை மூடும்போது அந்த மேடை முதுகிலிருந்து வெட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வரை வரும். ஏ6 அட்டையின் அகலம் 105 மில்லிமீட்டர், ஆகவே வெட்டு 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூடிய அட்டையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும். 3 சென்டிமீட்டர் வையுங்கள், படம் ஒட்டவும் இடம் மிஞ்சும்.

ஆனால் யோசித்தால், ஆயாவின் அட்டைக்கு இது வேண்டுமா என்று தோன்றுகிறது. எழுந்து நிற்பதைப் பார்த்து வியந்துவிட்டு மூடிவிடுவார்கள், உள்ளே எழுதியதைப் படிக்கக் கண் போகாது. தம்பி தங்கைக்கு என்றால் மேடை வையுங்கள். ஆயாவுக்கு எழுத்தே போதும் என்பது என் கட்சி. முடிவு உங்கள் மகளுடையது.

அக்டோபர் 12

முதுநகரிலிருந்து ஒருவர், தபாலில் அனுப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். கணக்கு சுலபம். தாளின் ஜி.எஸ்.எம். எண் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 240 ஜி.எஸ்.எம். தாளில் ஒரு ஏ4 என்றால் 15 கிராம், அதில் பாதி 7.5 கிராம். உறைக்கு நாலைந்து கிராம் சேர்த்தாலும் ஏ6 அட்டை 20 கிராமுக்குள் அடங்கும், சாதாரணக் கடிதத்துக்கு 2024 கட்டணப்படி 5 ரூபாய் தபால்தலை போதும். முழு ஏ4-ஐ மடித்துப் பெரிய அட்டையாகச் செய்தால் உறையோடு சேர்ந்து 20-ஐத் தாண்டும், அடுத்த கட்டணம். மேலே பொத்தானும் மணியும் ஒட்டியிருந்தால் பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்து, முத்திரையைக் கையால் மெதுவாகக் குத்தச் சொல்லுங்கள். புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் நான் கேட்டபோதெல்லாம் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

தாமதமாகப் போய்ச் சேருமே என்ற பயம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் சித்தியின் அட்டை எப்போதும் நாள் கடந்துதான் வரும். அதனால் பிறந்தநாள் இரண்டு நாள் நீளும்.

அக்டோபர் 19

படித்தேன். 'ஆயா, நீ பிறந்தப்ப எல்லாரும் ஓட்டு போட போய்ட்டாங்களா, யார் உன்னைத் தூக்கினாங்க' என்று எழுதியிருக்கிறாள். ஆயா அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி இரவு சாப்பாடு தள்ளிப்போனது என்று நீங்கள் எழுதியதைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். முதலில் கேட்டீர்களே, பெரியவர்கள் மெச்சிக்கொள்கிறார்களா என்று. நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

பூ கொஞ்சம் கோணலாக இருந்ததைப் பற்றி இனி பேச வேண்டாம்.

டிசம்பர் 5

இந்தக் கேள்வி-பதில் இழை இப்படித் திரும்பும் என்று நினைக்கவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கமும் பாகூர் பக்கமும் புகுந்தது. பாகூரிலிருந்து ஒரு தம்பி, அம்மா சேர்த்து வைத்த வாழ்த்து அட்டைகளும் கடிதங்களும் நனைந்துவிட்டன, குப்பையில் போட மனமில்லை என்கிறார். போடாதீர்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை ஈரமாக இருக்கும்போது பிய்க்காதீர்கள். கட்டாக எடுத்து, சேற்றை மட்டும் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, பழைய வேட்டித் துணிமேல் பரப்புங்கள். மேலே வெள்ளைத் தாளோ துணியோ வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இதில் ஏறும். வெயிலிலும் போடாதீர்கள், நிறம் போகும், தாள் முறுக்கும். ஃபேன் காற்றில், மின்சாரம் இல்லையென்றால் ஜன்னலோரக் காற்றில். பாதி காய்ந்ததும் தானாகவே பிரிய ஆரம்பிக்கும். முக்கால் காய்ந்த பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துக் கனம் ஏற்றினால் தட்டையாகும்.

இரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உலர்த்த முடியாவிட்டால், மீதியை பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்தால் பூஞ்சை வளராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். மின்சாரம் வந்துவிட்டதா என்று எழுதுங்கள்.

டிசம்பர் 8

பாகூர்த் தம்பி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஸ்கெட்ச் பேனா எல்லாம் கரைந்து நீலப் படலமாக நிற்கிறது. நீல மையில் எழுதிய அப்பாவின் வரிகள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறார், படிக்கவே கஷ்டமாக இருந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள் தம்பி, நிப் அழுத்திய தடம் சில இடத்தில் தெரியும். அதைப் பென்சிலில் வேறு தாளில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள், அசல் மேல் எழுத வேண்டாம். பால்பாயிண்டில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. அந்த மை எண்ணெய் சேர்ந்தது, தண்ணீரில் கரையாது. அக்டோபரில் பேனா பற்றிச் சொன்னபோது காயும் வேகத்தை மட்டும் மனதில் வைத்துச் சொன்னேன். இப்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர், புதுச்சேரி ஆட்கள் பால்பாயிண்டிலோ பென்சிலிலோ எழுதுங்கள். பென்சிலும் தண்ணீருக்கு அசையாது.

டிசம்பர் 9

லேமினேஷன் செய்துவிடலாமா என்று வில்லியனூரிலிருந்து கேட்கிறீர்கள், ஆயாவின் அட்டைக்கு. வேண்டாம். சூட்டில் பூ கறுக்கும், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை உள்ளேயே வளரும், ஒட்டிய பிளாஸ்டிக்கை ஒருநாளும் பிரிக்க முடியாது, அட்டையைத் திறந்து படிக்கவும் முடியாது. கல்யாண ஆல்பம் கடையில் கிடைக்கும் தெளிவான பாலிப்ரொப்பிலீன் உறை ஒன்றில் போட்டு, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவை பீரோவின் மேல்தட்டில் ஏற்றுங்கள். கட்டிலுக்கடியில் வேண்டாம். மழை விட்டதும் ஒருநாள் திறந்து காற்றாட விடுங்கள். அதற்கு முன்னால் உள்தாளை ஃபோனில் படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.